என் பாத்தியில் ஒரு சிவப்புக் கட்டம்

ஒரு படம் என் உப்பளத்தைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறது என்று நான் நம்பினேன். படம் என்றால் சினிமா இல்லை. துணியில் வண்ணம் பூசி வரைகிற படம். நம்பியதோடு நிற்காமல், அந்த நம்பிக்கைக்கு ஏற்ற மாதிரி ஒரு காரியமும் செய்து வைத்தேன். நாற்பத்தெட்டு வயசு, பிளஸ் டூ பாஸ், மரக்காணத்தில் எட்டு ஏக்கர் உப்பளக் குத்தகை, காலையில் ஒரு பி.பி. மாத்திரை. இவ்வளவு தகுதிகள் உள்ள ஒரு ஆம்பளை செய்கிற காரியம் இல்லை அது. என்ன செய்தேன் என்பதைச் சொல்வதற்கு முன்னால், படத்தை வரைந்த அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. எழுதச் சொல்லி அவர் சொல்லவில்லை, எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை, அதனால் அவர் சொல்லவில்லை. அவருடைய குணம் முழுக்க இந்த ஒரு விஷயத்தில் அடங்கிவிடும். ஊரில் அவருக்குப் படக்காரம்மா என்று பெயர்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு தை மாசம் வந்தார். மழை முடிந்து, நாங்கள் பாத்தியில் சேற்றை மிதித்து மிதித்துத் தரையை இறுக்கிக்கொண்டிருந்த சமயம். பக்கத்து உப்பளம் அந்தோணியுடையது. எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு வரப்புதான். அவன் ரோட்டோரமாகப் புதுசாக ஒரு கொட்டகை கட்டிக்கொண்டதால், பழைய உப்புக் கொட்டகை சும்மா கிடந்தது. நாற்பது அடி நீளம், சிமெண்டுத் தரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அதை வாடகைக்குக் கேட்டு ஒரு அம்மா சென்னையிலிருந்து வந்தபோது அந்தோணி, உப்பு வியாபாரம் பண்ணப் போகிறார் போல என்று நினைத்துக்கொண்டான். மினி லாரியில் வந்து இறங்கியவை: ஒரு கட்டில், ஒரு மேசை விசிறி, கேஸ் அடுப்பு, நாலு பெட்டி நிறைய வண்ண டியூபுகள், சுருட்டி வைத்த ஒரு பெரிய துணி. துணியை இறக்க நாலு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

அறுபதுக்குக் கொஞ்சம் கீழே வயசு. கட்டையாக வெட்டின நரைமுடி. காட்டன் புடவைக்கு மேலே ஒரு ஆம்பளைச் சட்டை. எங்கள் உப்பளத்தில் பெண்கள் எல்லோருமே வெயிலுக்கு அப்படிச் சட்டை மாட்டிக்கொண்டுதான் உப்பு வாருவார்கள் என்பதால், அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

விசித்திரம் அவர் பேச்சில் இருந்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். ஒரு சொல் கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது.

ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கிறார். கைக்குழந்தையோடு ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து, “மினி பஸ் இங்க நிக்குமாம்மா?” என்று கேட்டிருக்கிறார்கள். “நிக்கும்” என்றிருக்கிறார். அவர்கள் ஒரு மணி நேரம் நின்றார்கள். நான் பைக்கில் வந்து, “இன்னாத்துக்குப்பா வெயில்ல காயுறீங்க? மினி பஸ் பத்து மணிக்கே போயிடுச்சே, இனிமே நாலு மணிக்குத்தான்” என்றேன். அந்த ஆள் இந்த அம்மாவைப் பார்த்த பார்வையைச் சொல்ல முடியாது.

“ஏங்க, நீங்க சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“நிக்குமான்னு கேட்டாங்க. நிக்கும். எப்ப வரும்னு கேக்கல.”

திமிரா என்று பார்த்தேன். இல்லை. அந்த ஒரு மணி நேரமும் தன் குடையை அந்தக் குழந்தைக்குப் பிடித்துக்கொண்டு, தான் வெயிலில் நின்றிருக்கிறார். இந்த மாதிரி ஒரு ஆளைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் நான் பைக்கைக் கிளப்பிவிட்டேன்.

இன்னொன்று. அந்தோணி நல்ல வீட்டுக்காரன். அடிக்கடி கொட்டகைப் பக்கம் போய், “எதுனா வேணுமாங்க?” என்று கேட்பான். “வேணாம்” என்பார். ஒரு தடவை அவன் உள்ளே கால் வைத்துப் பார்க்கிறான், கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டி மேல் ஒரு சாரைப்பாம்பு சுருண்டு படுத்திருக்கிறது.

“அம்மா, பாம்புங்க!”

“ஆமா. செவ்வாக்கிழமையிலேருந்து இருக்கு.”

“நேத்து வந்து கேட்டேனே, எதுனா வேணுமான்னு?”

“பாம்பு வேணாம். அதான் வேணாம்னு சொன்னேன்.”

இதை அந்தோணி மாதாகோயில் வாசலில் நின்று சொல்லிச் சொல்லி, கடைசியில் கோட்டக்குப்பம் வரைக்கும் அந்தப் பாம்பு போய்ச் சேர்ந்தது. போகப்போக நல்லபாம்பாகவும் ஆகிவிட்டது.

என் மனைவி மல்லிகா ஒரு நாள் மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். மறுநாள் பாத்திரம் வாங்கப் போனபோது, “குழம்பு எப்படிக்கா இருந்துச்சு?” என்று கேட்டிருக்கிறாள். “உப்பு கூட” என்றிருக்கிறார். உப்பளக்காரன் வீட்டுக் குழம்பில் உப்பு கூட என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும். நான் சண்டை வரும் என்று எதிர்பார்த்து, ஆர்வமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். மல்லிகா சிரித்துக்கொண்டே வந்தாள். “கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. இந்த வீட்டுல ஒருத்தராவது வாயைத் தொறந்து சொன்னீங்களா?” என்று என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் சேர்த்தி.

எங்கள் ஊர்ப் பழக்கம் இதற்கு நேர் எதிர். நாங்கள் யாரும் எதையும் நேராகக் கேட்க மாட்டோம். பெண் பார்க்கப் போனால் முதல் அரை மணி நேரம் மழையைப் பற்றித்தான் பேச்சு. ஒருத்தன் மோட்டாரை இரவல் கேட்க வந்தால், என் மோட்டார் என்ன கம்பெனி, ஓடுகிறதா, போன வருஷம் ரிப்பேர் ஆனதே என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கேட்காமலே எழுந்து போவான். நான் புரிந்துகொண்டு, “எடுத்துனு போடா” என்று கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். சுற்றி வளைத்துக் கேட்கிற ஊரும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற அம்மாவும் சேர்ந்தால் என்ன ஆகும்? என் கதிதான் ஆகும்.

அந்த வருஷம் எங்கள் குத்தகை முடிந்திருந்தது. புதுப்பிக்கச் சொல்லி சர்க்காருக்கு எழுதிக் கொடுத்து எட்டு மாசமாகப் பதில் இல்லை. ஊரில் வதந்திக்குப் பஞ்சமில்லை. திங்கட்கிழமை சோலார் கம்பெனி வருகிறது என்பார்கள். புதன்கிழமை துறைமுகம். வெள்ளிக்கிழமை ஏரோப்ளேன் வந்து இறங்கும். எது வந்தாலும் எங்கள் தலையில்தான் இறங்கும் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. வெளியில் நான் ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன். “ஏரோப்ளேன் வந்தா வரட்டும், பைலட்டுக்கு நானே வரப்புல கொடி காட்டுறேன்” என்பேன். உள்ளுக்குள் பி.பி. மாத்திரை ஒன்று இரண்டாகிவிட்டது.

இந்த நேரத்தில் படக்காரம்மா தினமும் காலை எட்டு மணிக்கு எங்கள் வரப்புகளில் நடப்பார். வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடப்பார். எண்ணிக்கொண்டே போய், எண்ணிக்கொண்டே திரும்பி வருவார். ஒரு மனுஷி உப்பளத்து வரப்பில் அடி எண்ணிக்கொண்டு நடந்தால், குத்தகை முடிந்தவன் என்ன நினைப்பான்?

பங்குனி பிறந்ததும், ஒரு காலையில் மல்லிகா தண்ணீர் கேன் ஒன்றைக் கொட்டகையில் போட்டுவிட்டு வரச் சொன்னாள். போனேன். அவர் நடக்கப் போயிருந்தார். கதவு பூட்டி வைக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கேனை இறக்கிவிட்டு நிமிர்ந்தால், தரையில் படம்.

எனக்குத் தெரிந்த படம் என்றால் காலண்டரில் வருவது. சாமி இருக்கும், பக்கத்தில் நகைக்கடை பெயர் இருக்கும். இது சுவரில் மாட்டவில்லை. பதினைந்து அடி நீளத்துக்குத் தரையில் விரித்துக் கிடந்தது. சாமி இல்லை, ஆள் இல்லை, மரம் இல்லை. கட்டம், கோடு, புள்ளி. வேறு எவனாவது பார்த்திருந்தால் ஒன்றும் புரியாமல் போயிருப்பான். என் கேடு, எனக்குப் புரிந்துவிட்டது.

ஒரு ஓரமாக நீளக் கருப்புப் பட்டை. ஈ.சி.ஆர். ரோடு. அதை ஒட்டி மெல்லிய சாம்பல் கோடு. எங்கள் வாய்க்கால். அப்புறம் பெரிய பெரிய வெளிறின கட்டங்கள். உப்புத் தண்ணீரை முதலில் பெரிய பாத்தியில்தான் விடுவோம். அது வற்ற வற்ற அடுத்த பாத்திக்கு மாற்றுவோம். கடைசியில் உப்பு எடுக்கிற பாத்தி சின்னது. படத்திலும் கட்டம் அதே மாதிரி சிறுத்துக்கொண்டே போனது. நிறம்கூட அச்சு அசல். மண் நிறம், பச்சை ஓடின சாம்பல், கடைசியில் இளஞ்சிவப்பு. தண்ணீர் முற்றும்போது பாத்தி இளஞ்சிவப்பாக மாறும். அது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. இந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது என்றால், யாரோ எங்களுக்குள்ளேயே இருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

படம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். ரோடு அகலப்படுத்தியபோது எடுக்கப்போகிற இடத்துக்கெல்லாம் வரைபடத்தில் சிவப்பு வைத்திருந்ததை நான் கண்ணால் பார்த்தவன். என் கால் தானாக வடகிழக்கு மூலைக்குப் போனது. ரோட்டிலிருந்து மூன்றாவது வரிசை, கடைசிக் கட்டம். என்னுடையது. அதன் மேல் உள்ளங்கை அகலத்துக்குத் தடிப்பாக ஒரு சிவப்புக் கட்டம், இன்னும் ஈரமாக.

மற்றவர்களுக்கெல்லாம் புள்ளி. எனக்குக் கட்டம்.

அதற்குள் படக்காரம்மா வந்துவிட்டார். நான் முகத்தைச் சரிபண்ணிக்கொண்டு, எங்கள் ஊர் முறைப்படி விசாரணையை ஆரம்பித்தேன்.

“வெயில் சாஸ்தியா இருக்குதுங்களே.”

“ஆமா.”

“வேலை நல்லா போவுதுங்களா? அளவெல்லாம் சரியா வந்துச்சுங்களா?”

“வந்துச்சு.”

“யாருக்குங்க இது?”

“சென்னையில கேட்டிருக்காங்க.”

“எப்ப குடுக்கணுமாம்?”

“பங்குனி கடைசிக்குள்ள.”

விரலை நீட்டினேன். “இந்தச் சிவப்பெல்லாம்...”

“ஆளுங்க.”

“இது மட்டும் பெருசா இருக்குதே?”

“அங்க நின்னவர் நகரல.”

நகரவில்லை. நான் நகர மாட்டேன் என்பது சென்னை வரைக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு பக்கம் பெருமையாகக்கூட இருந்தது.

நேரே அந்தோணியிடம் ஓடினேன். மறுநாள் காலை, அவர் நடக்கப் போன நேரமாகப் பார்த்து அவனைக் கூட்டிவந்து காட்டினேன். அவன் எதிர்ப் பக்கமாக நின்று பார்த்தான்.

“டேய், இது என் பாத்திடா.”

“எது?”

“இந்தச் சிவப்புக் கட்டம். இதோ வாய்க்கா, இதோ என் மோட்டார் ரூம்.”

“அது உன் மோட்டார் ரூம் இல்ல. அது ரோடு. நீ தலைகீழா நின்னு பாக்குற.”

“நீதான்டா தலைகீழா நிக்கிற. ஏம்பா, நாப்பது வருஷமா மிதிக்கிற பாத்தி எனக்குத் தெரியாதா?”

“அந்தச் சிவப்பு என்னுதுடா.”

“என்னுதுடா.”

பறிபோகிற இடத்துக்குப் போட்டி போட்டுச் சண்டை போட்ட இரண்டு பேர் இந்தக் கடற்கரையில் நாங்களாகத்தான் இருப்போம். கடைசியில் அந்தோணி, ஊரைக் கூட்டி மனு எழுதலாம் என்றான். நானும் சரி என்று தலையாட்டினேன். ஆனால் என் மண்டைக்குள் வேறு ஒரு யோசனை முளைத்துவிட்டது. படம் இன்னும் சென்னைக்குப் போகவில்லை. போவதற்குள் என் கட்டத்தில் சிவப்பு இல்லாமல் இருந்தால்?

பங்குனி பாதி. காலை எட்டேகால். படக்காரம்மா தூரத்தில் வரப்பில் எண்ணிக்கொண்டு போகிறார். நான் கொட்டகைக்குள் மண்டி போட்டு, தோளில் கிடந்த பச்சைத் துண்டை எடுத்துச் சிவப்புக் கட்டத்தைத் துடைத்தேன்.

போகவில்லை. பரவியது. என் எட்டு ஏக்கர் பதினாறு ஏக்கராகச் சிவந்தது. பயத்தில் பக்கத்தில் இருந்த பாட்டிலைத் திறந்தேன். பெயிண்ட் கடை வாசனை. துண்டில் ஊற்றி அழுத்தித் தேய்த்தேன். மேல் சிவப்பு வந்தது. அதற்கு அடியில் இன்னொரு சிவப்பு. அதற்கும் அடியில் கொஞ்சம் இருட்டாக இன்னொன்று. வெங்காயம் மாதிரி வந்துகொண்டே இருந்தது. அப்புறம் அடியிலிருந்த வெள்ளை வந்தது. அப்புறம் வெறும் துணி. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஓட்டை மாதிரி ஆகிவிட்டது. துணி கிழியவில்லை. ஆனால் அங்கே ஒன்றுமே இல்லை.

என் கட்டத்தை மட்டும்தான் துடைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தோணிக்கு உரியவை என்று நான் முடிவு கட்டியிருந்த நாலு புள்ளிகளும் பத்து விரல் தூரத்தில்தான் இருந்தன. அவற்றைத் தொடவில்லை. அவன் மனு எழுதிக்கொள்வான் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு ஓடினேன். துண்டைப் பார்த்த மல்லிகா கையில் இருந்த முறத்தைக் கீழே போட்டாள்.

“ஐயோ, ரத்தம். எங்கங்க அடி?”

“காலுல.”

வேட்டியை விலக்கிப் பார்த்தாள். “காலுல ஒண்ணும் இல்லியே?”

“அப்ப கையில.”

“அப்ப கையிலயா? உங்களுக்கே தெரியலையா?”

துண்டை மூக்குக்குக் கொண்டுபோனாள். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. ரோடு, வாய்க்கால், பாத்தி, சிவப்பு, சென்னை, எல்லாவற்றையும் கொட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அது இன்னா படம்னு அக்காகிட்ட கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“என்னன்னு கேட்டீங்க?”

“அளவெல்லாம் சரியா வந்துச்சான்னு.”

“யோவ், நட” என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னை யோவ் என்று கூப்பிட்டது அது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் தப்பு என்னுடையதுதான்.

கொட்டகையில் படக்காரம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். புருவம் பிடுங்குகிற சின்ன இடுக்கி ஒன்று கையில். நான் துடைத்த இடத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த பச்சை நூலை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு காகிதத்தில் வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். நான் கதவு மறைவில் பாதி நின்றேன்.

மல்லிகா கேட்டாள். “அக்கா, இது இன்னாக்கா?”

“மெரினா பீச்.”

நான் கதவு மறைவை விட்டு முழுசாக உள்ளே வந்துவிட்டேன்.

மல்லிகா படத்தைச் சுற்றி வந்தாள். “மேலேருந்து பாக்குற மாதிரியாக்கா?”

“ஆமா. முதல்ல லைட் ஹவுஸ் மேல ஏறிப் பாத்தேன். அப்புறம் நடந்து பாத்தேன்.”

“இந்தக் கருப்பு?”

“பெரிய ரோடு. பக்கத்துல வண்டி நிறுத்துற ரோடு. இது மணல். ரோட்டோரம் காலியா இருக்கும், பெரிய கட்டம். தண்ணிகிட்ட போகப் போக ஜனம் நெருங்கிடும், சின்னக் கட்டம்.”

“இந்த ரோஸ் கலரு?”

“சாயங்காலம் மணல் அப்படி ஆகும்.”

நான் அடங்கியிருக்கலாம். என் வாய்க்கு அது தெரியாது. “நாங்க மெரினாவுக்குப் போயிருக்கோங்க. அது இப்படி இருக்காது. சுண்டல் எங்க? பலூன் சுடுற கடை எங்க? கடலையே காணோமே?”

“இந்தக் கோடெல்லாம் கடை வரிசை. கடல் இந்த ஓரம். வெறும் துணியா விட்டிருக்கேன்.”

“ஏங்க விட்டுட்டீங்க?”

“அங்க யாரும் நிக்கல.”

மல்லிகா ஒரு இடத்தில் குனிந்தாள். கல்யாணமான புதுசில் நாங்கள் மெரினாவுக்குப் போனதும், கூட்டத்தில் நான் அவளைத் தொலைத்துவிட்டுப் போலீஸ்காரரிடம் நீலப் புடவை என்று சொன்னதும், அவள் கட்டியிருந்தது பச்சை என்பதும், நான் ஒரு மணி நேரம் வேர்த்துக் கொட்டிக்கொண்டு தேடினபோது அவள் பத்தடியில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்ததும் எங்கள் வீட்டுப் பழைய கதை. “குதிரைக்காரங்க நிக்கிற இடம் எதுக்கா?” என்றாள். படக்காரம்மா விரலால் தொடாமல் காட்டினார். ஒரு சாம்பல் கட்டம், அதில் அவசரமாக இழுத்த இரண்டு பழுப்புக் கோடு. அவ்வளவுதான். ஆனால் அதைப் பார்த்ததும் எனக்கு அன்றைக்கு வேர்த்தது மறுபடி வேர்த்தது. அந்த இடம் அதுதான். எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

“வரப்புல எண்ணினு நடக்குறீங்களே, அது எதுக்குக்கா?”

“முட்டி வலி. டாக்டர் தினம் ரெண்டாயிரம் அடி நடக்கச் சொன்னார்.”

மல்லிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

“சிவப்புப் புள்ளியெல்லாம்?”

“தனியா வந்து நின்னவங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போய் நோட்டுல குறிச்சேன்.”

மல்லிகா கடைசியாக அந்த வெறும் இடத்துக்கு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இங்க இன்னா இருந்துச்சு?”

“ஒருத்தர். மூணு மணிக்கு வருவார். விளக்கு போடற வரைக்கும் ஒரே இடத்துல நிப்பார். உக்கார மாட்டார். பதினேழு ஞாயித்துக்கிழமை வந்தார். ஒரு ஞாயித்துக்கிழமைக்கு ஒரு பூச்சு. ஒண்ணு காஞ்சப்புறம் அதுமேல இன்னொண்ணு.”

“அப்புறம்?”

“அப்புறம் வரல.”

“ஏன்க்கா?”

“தெரியாது.”

“யாருன்னு நீங்க கேக்கலையா?”

“இல்ல.”

அடுத்ததாக அவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதை யார் செய்தது? நான் தயாராக நின்றேன். கையில் மூன்று பொய் இருந்தது. பூனை, காற்று, அந்தோணி. சொல்லப்போனால் அந்தோணிதான் இருப்பதிலேயே நல்ல பொய். அவர் கேட்டிருந்தால் அதைத்தான் எடுத்திருப்பேன்.

அவர் கேட்கவில்லை. இடுக்கியால் இன்னொரு பச்சை நூலை எடுத்துக் காகிதத்தில் வைத்தார். இன்னொன்று. என் வாழ்க்கையில் நான் தப்பித்த இடங்களை எண்ணிப் பார்த்தால், எல்லா இடத்திலும் யாராவது ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள், நான் ஒரு ஜோக் சொல்லியிருக்கிறேன், அவர்கள் சிரித்திருக்கிறார்கள். கேள்வியே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நாலாவது நூல் எடுத்தபோது என் வாய் தானாகத் திறந்தது.

“நான்தாங்க தொடச்சேன்.”

“தெரியும்.”

“என் உப்பளத்து மேப்புன்னு நெனச்சிட்டேங்க. எழுதிக் கொடுத்த குத்தகைக்குப் பதில் வரல. அந்தச் சிவப்பு என் பாத்தி மேல இருந்துச்சு. மத்தவங்களுதைத் தொடலைங்க, என்னுது மட்டும்தான்.” இந்தக் கடைசி வரியை எதற்குச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஏதோ நல்ல விஷயம் மாதிரி சொன்னேன்.

அவர் படத்தைப் பார்த்தார். கொட்டகைக் கதவு வழியாக வெளியே தெரிந்த பாத்திகளைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். உதடு கொஞ்சம் அசைந்தது. சிரிப்பாக இருந்திருக்கலாம்.

“கோவமாங்க?” என்றேன்.

“ஆமா.”

திட்டு வாங்குவதில் நான் அனுபவசாலி. அப்பாவிடம், வாத்தியாரிடம், வேலைக்கு வரும் பெண்களிடம்கூட வாங்கியிருக்கிறேன். அந்த ஒரு ‘ஆமா’ அளவுக்கு எதுவும் பட்டதில்லை. அதில் சத்தம் இல்லை. கேட்டேன், சொன்னார்.

“சரி பண்ண முடியுமாங்க?”

“முடியும்.”

அப்பாடா என்றிருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். அந்தோணியிடம் போய், “டேய், அது மெரினாடா, உன் மோட்டார் ரூம் இல்ல” என்றேன். அவன் அரை நாள் நம்பவில்லை. அப்புறம், எழுதி வைத்திருந்த மனுவை நாலாக மடித்து மோட்டார் ரூம் கதவு ஆடாமல் இருக்க அடியில் செருகிவிட்டான். எத்தனை நாள் ஆகும் என்று நான் அவரிடம் கேட்கவே இல்லை. முடியும் என்று சொல்லிவிட்டார், அது போதும் என்றிருந்துவிட்டேன். அதற்கப்புறமும் எங்கள் வீட்டிலிருந்து குழம்பு போனது, பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது. காலை எட்டு மணிக்கு வரப்பில் எண்ணிக்கொண்டு நடந்தார். என்னைப் பார்த்தால் எப்போதும் போலத் தலையை அசைத்தார். நான் எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

இந்தக் கதையை டீக்கடையில் சொல்லும்போது நான் வேறு மாதிரி முடிப்பேன். சென்னையில் ஏ.சி. ஹால். பெரிய பெரிய ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு படத்துக்கு முன்னால் நிற்கிறார்கள். ஒருத்தர் கண்ணாடியைக் கழற்றி அந்த இடத்தைக் காட்டி, “இந்தத் தீற்றல் இருக்கே, இது யாராலயும் முடியாது” என்கிறார். அது என் துண்டு என்று அந்த மனுஷனுக்குத் தெரியாது. இப்படிச் சொன்னால் டீக்கடையில் எல்லோரும் சிரிப்பார்கள். அந்தோணி சிரிக்க மாட்டான். கொட்டகை அவனுடையது, நடந்தது அவனுக்குத் தெரியும்.

நடந்தது இது. குத்தகை சித்திரை முதல் வாரம் கையெழுத்தாகி வந்தது. அதே எட்டு ஏக்கர். யாரும் எதையும் அளக்க வரவில்லை. படக்காரம்மா நான் துடைத்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடி வெள்ளையிலிருந்து திரும்ப ஆரம்பித்தார். ஒரு பூச்சு காய இரண்டு நாள். படம் போக வேண்டிய சென்னைக் கண்காட்சி சித்திரை ஒன்றாம் தேதி ஆரம்பித்துப் பத்தாம் தேதி முடிந்தது. அன்றைக்குப் படம் அந்தோணியின் கொட்டகைத் தரையில் கிடந்தது. பதினேழில் பதினோராவது பூச்சு காய்ந்துகொண்டிருந்தது.